மேல்காற்று

கொளவாய் ஏரிக்கரை

எங்கள் உடுமலைப்பேட்டைப் பக்கம் காற்றுக்கு ஒரே பேர்தான்: மேக்காத்து. வைகாசிக் கடைசியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்தால் புரட்டாசி வரைக்கும் மேற்கிலிருந்து ஒரே பிடியாக அடிக்கும். தென்னைகள் கிழக்கே சாய்ந்து வளரும். காற்றாலைகள் மேற்கே முகம் காட்டி நிற்கும். அந்தக் காற்றில் வளர்ந்த என் அக்கா மகன் செங்கல்பட்டில் கொளவாய் ஏரிக்கரைத் திடலில் நின்று முதல் தட்டை வீசினான். தட்டு நேராகப் போய், சட்டென மூக்கைத் தூக்கி, எங்கள் தலைக்கு மேலே ஏறித் திரும்பி, அவனுக்குப் பின்னால் வந்து விழுந்தது.

"மாமா, இந்த ஊர்க் காத்து எந்தப் பக்கமுங்க?"

மாசி மகத்தை ஒட்டி மூன்று நாள் விடுமுறை கிடைத்திருந்தது. நாங்கள் மூன்று பேர். பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் அவன், நான், பெசன்ட் நகர் மணலில் பல வருடங்களாகத் தட்டு வீசி விளையாடும் என் நண்பர். நண்பர் கொண்டுவந்தது ஆறு தட்டுகள். பையன் கொண்டுவந்தது ஒரு நாற்பது பக்க நோட்டு. அட்டையில் 'பறக்கும் தட்டு: கள ஆய்வு' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தான். பகலில் டிஸ்க் கோல்ஃப், இரவில் வானத்தைப் பார்ப்பது என்று ஏற்பாடு. 2023 ஜூலையில் முட்டுக்காட்டுக் கடற்கரையில் வானத்தில் நான்கு உருவங்களைப் படம் பிடித்ததாக, காவல்துறைத் தலைமை இயக்குநராக இருந்து ஓய்வு பெற்ற பிரதீப் பிலிப் சொன்னது தமிழ்நாடு முழுக்கச் செய்தியானது. அன்றிலிருந்து பையனுக்கு முட்டுக்காட்டுக்குப் போயே ஆகவேண்டும்.

டிஸ்க் கோல்ஃப் பார்க்காதவர்களுக்கு: கோல்ஃபில் பந்தைக் குழியில் போடுவதுபோல, இங்கே தட்டைச் சங்கிலி தொங்கும் ஓர் இரும்புக் கூடையில் போட வேண்டும். எத்தனை வீச்சில் போட்டோம் என்பதுதான் கணக்கு. எங்களிடம் இரும்புக் கூடை இல்லை. பனைமரத்தை இலக்காக வைத்தோம், பட்டால் போதும். இது குறுக்குவழி ஆகாது. கூடை வருவதற்கு முன்னால் அமெரிக்காவிலும் மரத்தையும் கம்பத்தையும் குறிவைத்துத்தான் ஆடினார்கள். தட்டு பட்டதா படவில்லையா என்று சண்டை வந்ததால்தான் எட் ஹெட்ரிக் என்பவர் 1970களில் சங்கிலிக் கூடையைச் செய்தார். சங்கிலி சத்தம் போட்டால் சண்டை இல்லை. 1975-இல் கலிஃபோர்னியாவில் முதல் நிரந்தர மைதானம் அமைந்தது. 2002-இல் ஹெட்ரிக் இறந்தபோது, அவர் விருப்பப்படியே அவருடைய சாம்பலைக் கலந்து தட்டுகள் வார்த்தார்கள். இதைக் கேட்டதும் பையன் கையிலிருந்த தட்டை ஒரு தரம் திருப்பிப் பார்த்தான்.

நண்பர் சொன்ன இன்னொரு கதைதான் அவனை நிமிர்ந்து உட்கார வைத்தது. 1947 ஜூன் 24-ஆம் தேதி, கென்னத் ஆர்னால்டு என்ற விமானி அமெரிக்காவின் ரெய்னியர் மலைப் பக்கம் ஒன்பது பொருள்கள் வேகமாகப் பறந்ததாகச் சொன்னார். தண்ணீர்மேல் சாஸரை வீசினால் தத்தித் தத்திப் போவதுபோல அவை போயின என்றார். அவர் சொன்னது போன விதத்தை. பத்திரிகைக்காரர்கள் அதை வடிவமாக்கி 'பறக்கும் சாஸர்' என்று போட்டார்கள். அடுத்த நாளிலிருந்து ஆளாளுக்குச் சாஸர் பார்த்தார்கள். அதற்குப் பத்து வருடம் முன்பே கடற்கரையில் கேக் தகரத்தை வீசி விளையாடிக்கொண்டிருந்த ஃபிரெட் மோரிசன், 1948-இல் பிளாஸ்டிக்கில் ஒரு தட்டு செய்தபோது அதற்குப் 'ஃபிளையின் சாஸர்' என்றே பேர் வைத்தார். பிறகு அது 'புளூட்டோ பிளாட்டர்' ஆகி, 1957-இல் வாம்-ஓ கம்பெனிக்குப் போய் ஃபிரிஸ்பீ ஆனது.

"அப்போ ரெண்டும் ஒண்ணுதானுங்களா?" என்றான். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல். அவன் தேடுவதும் தட்டு, கையில் இருப்பதும் தட்டு.

நண்பர் கற்றுத்தந்த விதிகளில் ஒன்றுதான் மூன்று நாளும் எங்களோடு வந்தது. சென்னைக் கடற்கரையில் ஆடும் அல்டிமேட் என்ற தட்டு வீச்சு ஆட்டத்தில் நடுவர் கிடையாது. தவறை ஆடுகிறவர்களே சொல்லித் தீர்க்க வேண்டும், செய்தவனே கையைத் தூக்கினால் இன்னும் நல்லது. சென்னையின் 'ஃபிளை வைல்ட்' அணியைப் பற்றி '175 கிராம்' என்று ஒரு குறும்படம் வந்திருக்கிறது. அல்டிமேட் தட்டின் எடைதான் தலைப்பு. வேறு வேறு தெருக்களிலிருந்து வரும் பிள்ளைகள் நடுவர் இல்லாமல் ஒன்றாக ஆட முடிவது இந்த ஒரு விதியால்தான் என்று நண்பர் உறுதியாகச் சொல்வார். "நோட்டுக்கும் அதே விதி. பாத்தது தப்புன்னு தெரிஞ்சா நீயே கையைத் தூக்கணும்" என்றார்.

அன்று இருட்டும்போது மேற்கே இரண்டு வெள்ளை விளக்குகள் அசையாமல் நின்றன. பையன் நேரம் போட்டு, திசை போட்டு, 'சத்தம் இல்லை' என்று எழுதினான். மூன்று நிமிடம் கழித்து விளக்குகள் பக்கவாட்டில் திரும்பின. சிவப்பு, பச்சை தெரிந்தன, பின்னாலேயே இரைச்சல் வந்தது. மீனம்பாக்கத்தில் இறங்கப்போகும் விமானம். முன்விளக்கு நேராக நம்மை நோக்கி வரும்போது அது நிற்பதுபோலத்தான் தெரியும். அவன் கையைத் தூக்கினான். வரியைக் கிழிக்காமல் பக்கத்தில் 'விமானம்' என்று எழுதினான்.

வல்லம்

திருக்கழுக்குன்றம் சாலையில் வல்லம் குன்றில் மூன்று பல்லவக் குடைவரைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றை முதலாம் மகேந்திரவர்மன் காலத்தில் கந்தசேனன் என்ற சிற்றரசன் குடைவித்தான் என்று கல்வெட்டு தமிழிலேயே சொல்கிறது. காலை ஏழு மணிக்கு எங்களையும் ஆடு மேய்க்கும் ஒரு பாட்டியையும் தவிர யாரும் இல்லை. தட்டுகளைப் பையில் வைத்துக் கட்டினோம். கோயில் பக்கத்திலும் பழைய கற்கள் பக்கத்திலும் வீசுவதில்லை என்பது நாங்கள் வகுத்த விதி. பாட்டி பையைப் பார்த்துவிட்டு, "தட்டு யாவாரமா?" என்று கேட்டார். ஒன்றைக் கையில் வாங்கி விரலால் சுண்டினார். "சோறு போட ஆவாது, விளிம்பு கீழே மடங்கிக் கெடக்குது" என்றார். பறப்பதற்கு அந்த மடிப்புதான் காரணம். எடை விளிம்பில் இருந்தால்தான் சுழற்சி நிலைக்கும், சுழற்சி நிலைத்தால்தான் தட்டு கவிழாமல் காற்றின்மேல் படுக்கும். அவர் ஒரே தொடுதலில் கண்டுபிடித்துவிட்டார்.

திருக்கழுக்குன்றம்

ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள். உச்சியில் வேதகிரீஸ்வரர். நாங்கள் ஏறியது உச்சிவேளையில், வேண்டுமென்றேதான்.

தலைமுறை தலைமுறையாக இந்த மலையில் உச்சிப் பொழுதில் இரண்டு கழுகுகள் வந்து இறங்கின. அர்ச்சகர் ஒரு பாறையில் சர்க்கரைப் பொங்கல் வைப்பார். கூட்டம் வானத்தைப் பார்த்து நிற்கும். இரண்டும் வரும், தின்னும், போய்விடும். காசியில் குளித்துவிட்டு இங்கே வந்து உண்கின்றன என்பது நம்பிக்கை. பறவை அறிந்தவர்கள் அதை மஞ்சள்முகப் பாறு என்பார்கள். வெள்ளை உடம்பு, மஞ்சள் முகம், கறுப்பு ஓரம் வைத்த சிறகு. 1990களின் கடைசியோடு பறவைகள் வருவது நின்றுபோனது. அதே காலத்தில்தான் இந்தியா முழுக்கப் பாறுகள் கூட்டம் கூட்டமாக மறைந்தன. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலிமருந்து, செத்த மாட்டைத் தின்ற பறவையின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. 2006-இல் அந்த மருந்தை மாடுகளுக்குப் போடத் தடை வந்தது.

படியில் பூ விற்கும் அம்மா சின்ன வயதில் அவற்றைப் பார்த்தவர். "மொதல்ல ரெண்டு புள்ளி தெரியும் தம்பி. ஆளுக்கொண்ணு சொல்லுவாங்க, காக்கா, பருந்துன்னு. எங்கப்பா மட்டும் பேசமாட்டாரு. றெக்கையை அடிக்காம வருதான்னு பாப்பாரு. அடிக்காம வந்தா அதுதான்."

பையன் அதை எழுதிக்கொண்டான். அவன் நோட்டில் இருந்த எல்லாக் குறிப்பையும்விட இது நல்ல குறிப்பு என்று எனக்குப் பட்டது. தூரத்துப் புள்ளியை அடையாளம் காண நிறமும் அளவும் உதவாது. அது எப்படி நகர்கிறது என்பதுதான் உதவும். நாங்கள் மூவரும் பன்னிரண்டு மணியிலிருந்து ஒரு மணிவரை நின்றோம். இரண்டு பருந்துகள் வெப்பக் காற்றில் வட்டமிட்டன. வெள்ளையாக ஒன்றும் வரவில்லை. வேற்றுக்கிரகத்துக்காரர்கள் வருவார்களா என்று வானத்தைத் துழாவுகிற நாம், தினமும் வந்துகொண்டிருந்த விருந்தாளிகள் இரண்டு பேரை இழந்திருக்கிறோம். அந்த வருத்தம் மலையிறங்கும்போது முழங்கால் வலியைவிட அதிகமாக இருந்தது.

மாமல்லபுரம்: பாறை

பையனின் சந்தேகப் பட்டியலில் முதல் பெயர் வெண்ணெய் உருண்டைப் பாறை. வழுக்குப் பாறைச் சரிவில், உருண்டுவிடும்போல் நின்றும் உருளாத கல். உயரம் ஏறக்குறைய 6 மீட்டர், எடை 250 டன் என்கிறார்கள். 1908-இல் ஆளுநர் ஆர்தர் லாலி ஏழு யானைகளைக் கட்டி இழுக்கச் சொன்னதாகவும் கல் அசையவில்லை என்றும் ஊரில் சொல்வார்கள். அதன் பழைய பேரே வான் இறைக்கல். "பேருலயே இருக்குதுங்களே மாமா, வானத்துல இருந்து வந்ததுன்னு!" என்றான். கல்லின் கீழே போய்ப் பார்த்தோம். பாறையும் சரிவும் ஒரே கருங்கல், ஒரே நிறம், ஒரே மணி. சுற்றியிருந்த கல் காலகாலமாக வெயிலிலும் மழையிலும் உரிந்து போக, உருண்டையாக மிஞ்சியது இது. எங்கள் பக்கத்துக் குன்றுகளிலும் இப்படி மிஞ்சிய குண்டுக்கல் உண்டு. ஆடு அதன் நிழலில் படுக்கும். யாரும் பேர் வைத்ததில்லை.

அடுத்தது கோயில் விமானங்கள். கருவறைக்கு மேலுள்ள கட்டடத்துக்கும் ஆகாயக் கப்பலுக்கும் ஒரே சொல் என்பதைப் பிடித்துக்கொண்டு, இவை அந்தக் காலத்துப் பறக்கும் ஊர்திகளின் நகல் என்று வீடியோக்கள் சொல்கின்றன. கூடவே வைமானிக சாஸ்திரம் என்ற நூலைக் காட்டுகின்றன. அந்த நூல் 1918-க்கும் 1923-க்கும் இடையில் பண்டித சுப்பராய சாஸ்திரி சொல்லச் சொல்ல எழுதப்பட்டது. 1974-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வாளர்கள் அதிலுள்ள வரைபடங்களை ஆராய்ந்து, எதுவும் பறக்காது, எழுதியவருக்குப் பறத்தலின் அடிப்படை தெரியவில்லை என்று முடிவு சொன்னார்கள். இதை நண்பர் சொன்னபோது பையன் முகம் வாடியது. அவனைக் கைப்பிடித்துச் சிற்பப் பட்டறைக்குக் கூட்டிப்போனேன்.

மாமல்லபுரத்தில் எந்தத் தெருவில் நின்றாலும் உளிச் சத்தம் கேட்கும். 1957-இலிருந்து இங்கே அரசு சிற்பக் கல்லூரி நடக்கிறது. 2017-இல் இந்தக் கற்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பட்டறையில் ஸ்தபதி ஐயா ஒருவர் நந்தியின் திமிலைக் கொத்திக்கொண்டிருந்தார். பையன் தயங்கித் தயங்கிக் கேட்டான்: "ஐயா, இந்த மலையெல்லாம் மனுசன்தான் செஞ்சாங்களா?"

அவர் கோபப்படவில்லை. உளியைக் கீழே வைத்துவிட்டு எங்களோடு எழுந்து வந்தார். முடிக்காமல் விட்ட ஒரு குடைவரைக்கு முன்னால் நிறுத்தினார். பாறை முகத்தில் கட்டம் கட்டமாகப் பள்ளம் ஓடியது. நடுவில் சதுரக் கட்டிகள் துருத்திக்கொண்டு நின்றன, பாதி வெட்டிய மைசூர்பாகு போல. "மொதல்ல கோடு. கோட்டுல பள்ளம். பள்ளத்துக்கு நடுவுல நிக்கிற கட்டியைப் பக்கத்துலேர்ந்து தட்டி எடுக்கணும். அதுக்குப் பின்னாடி அடுத்த கோடு." பையன் விரலைப் பள்ளத்தில் வைத்தான். ஒவ்வொரு உளிவாயும் தனித்தனியாக, நெல்மணி நீளத்தில், ஒரே சாய்வில் இறங்கியிருந்தது. ஓர் இடத்தில் மட்டும் சாய்வு மாறியிருந்தது. "இங்க எடதுகைக்காரன் வந்திருக்கான்" என்றார் ஐயா. அப்படியும் இருக்கலாம், ஒருவன் இடம் மாறி உட்கார்ந்தும் இருக்கலாம் என்று அவரே சேர்த்துக்கொண்டார்.

ஆயிரத்து முந்நூறு வருடத்துக்கு முன் அந்த இடத்தில் உட்கார்ந்து கைவலிக்கக் கொத்தியவனின் கூலியை, வேறு கிரகத்துக்காரன் கணக்கில் எழுதுவது எனக்குப் பொறுக்கவில்லை. பையனுக்கும் பொறுக்கவில்லை போலும். பட்டியலில் இரண்டு வரிகளுக்கு நேராகக் கையைத் தூக்கினான்.

பிறகு அர்ச்சுனன் தபசுப் பாறைக்கு முன்னால் வெகுநேரம் நின்றோம். அங்கே பறக்கிறவர்கள்தான் எத்தனை பேர்! கந்தருவர்கள், கின்னரர்கள், சோடி சோடியாக, கால்களைப் பின்னால் மடக்கி, பாறையின் நடுப்பிளவை நோக்கி. கந்தருவர் யாருக்கும் இறக்கை இல்லை. மடங்கிய முழங்காலை வைத்தே பறக்கிறார்கள் என்று நம்மை நம்ப வைத்திருக்கிறான் சிற்பி. பூக்கார அம்மாவின் அப்பா பார்த்த அதே விஷயம்: நகரும் விதம்.

மாமல்லபுரம்: மணல்

மாசி மகத்தன்று மாமல்லபுரத்துக் கடற்கரை இருளர்களுடையது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து, குச்சி நட்டுச் சேலையால் கூடாரம் கட்டுகிறார்கள். அவர்கள் தெய்வம் கன்னியம்மா கோபித்துக்கொண்டு கடலுக்குள் போய்விட்டாள், இந்த நாளில் அழைத்தால் வருவாள். மணலைக் குழைத்துச் சின்னக் கோட்டை போல ஒரு சுற்று, படிகள், மேலே பூ, வெற்றிலை, பொரி, தேங்காய். விடியலில் கடலோரம் மொட்டை, காதுகுத்து, கல்யாணம். மணல் கோயில் அடுத்த அலையிலோ அதற்கடுத்த அலையிலோ கரைந்துவிடும், அதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. சற்றுத் தள்ளிக் கருங்கல்லில் ராஜசிம்மன் கட்டிய கடற்கரைக் கோயில்.

எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சோறு போட்டது ஒரு குடும்பம். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு, மூன்று கல் அடுப்பில், சட்டியோரம் எண்ணெய் பிரிந்து. அரிசிம்பருப்புச் சோறும் தயிரும் தின்று வளர்ந்த பையன் மறுசோறு கேட்டான்.

அவன் அந்தக் குடும்பத்துத் தாத்தாவுக்குத் தட்டு வீசக் காட்டிக்கொண்டிருந்தபோதுதான் அது வந்தது. வடக்கே, கரையோர விடுதிகள் இருக்கும் பக்கத்தில், ஆரஞ்சு நிறத்தில் ஓர் ஒளி எழுந்தது. சத்தமில்லை, மினுக்கவில்லை. ஏறிக்கொண்டே போய்க் கடல் பக்கமாக நகர்ந்து, நிலா வெளிச்சத்தையும் மீறி ஏழெட்டு நிமிடம் தெரிந்து, சின்னதாகி மறைந்தது.

"கல்யாணத்துல விடுவாங்களே, காகித விளக்கு" என்றேன்.

"இல்லீங்க மாமா." மணலை அள்ளி விரலிடுக்கில் விட்டான். கரைப் பக்கமாகப் பறந்தது. தட்டைக் கடலை நோக்கி வீசினான். கொளவாய் ஏரியில் போலவே மூக்கைத் தூக்கித் திரும்பி வந்தது. "காத்து கடல்ல இருந்து கரைக்கு அடிக்குது. அது கரைல இருந்து கடலுக்குப் போச்சு. காகித விளக்குக்கு எஞ்சினா இருக்குது?"

நண்பரும் நானும் பேச்சற்றுப்போனோம். அவன் கேட்டது சரியான கேள்வி.

தாத்தா மட்டும் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டார்: "எறங்குச்சா? எறங்கியிருந்தா தடம் இருக்கும். மேலேயே பாத்துக்கிட்டிருந்தா எப்பிடி? காலையில கீழே பாரு."

தடம் பார்ப்பதில் இருளரை மிஞ்ச ஆளில்லை. வடநெம்மேலியில் உள்ள, 1978-இல் தொடங்கிய அவர்களுடைய பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் விஷம் எடுத்து மருந்துக்குத் தருகிறது. இந்த மாவட்டத்து இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரும் அமெரிக்காவின் ஃபுளோரிடாவரை போய் மலைப்பாம்பு பிடித்துக் காட்டினார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. புல் மடங்கிய விதத்தையும் மண்ணில் ஒரு கோட்டையும் வைத்து, எந்தப் பாம்பு எப்போது போனது என்று சொல்கிறவர்கள். பையன் அவரை ஆசிரியரைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

சாளுவன்குப்பம்

காலையில் கீழே பார்த்துக்கொண்டே வடக்கே நடந்தோம். 2004 சுனாமி மண்ணை வாரிக்கொண்டு போனபோது இங்கே பாறையில் கல்வெட்டுகள் தெரிந்தன. அந்தத் தடத்தைப் பிடித்துத்தான் 2005-இல் தொல்லியல் துறை தோண்டிச் செங்கல் முருகன் கோயிலை வெளியே எடுத்தது. எங்களுக்குக் கிடைத்தது அதைவிடச் சின்னது. அலை ஒதுக்கிய சருகில், விரல் பருமன்கூட இல்லாத கம்பி வளையம், குறுக்கே இரண்டு கம்பி, நடுவில் கருகிய மெழுகு, ஓரத்தில் ஒட்டிய ஈரக் காகிதம். காகித விளக்கின் எலும்பு. நேற்றையதா, போன மாதத்தியதா, யாருக்குத் தெரியும்? கம்பி துருப்பிடித்திருந்தது. பையன் அதை நோட்டில் வரைந்து, 'துரு. நேற்றையது அல்ல' என்று எழுதினான். இந்தப் பக்கம் விளக்கு விடுகிறார்கள் என்பதற்குச் சாட்சி கிடைத்தது. காற்றுக்கு எதிராக அது எப்படிப் போனது என்பதற்குக் கிடைக்கவில்லை.

பக்கத்துச் சவுக்குத் தோப்பில் ஒன்பது இலக்கு வைத்து ஆடினோம். சவுக்குத் தோப்பு தட்டுக்காகவே நட்டதுபோல இருந்தது. வரிசை வரிசையாக ஒல்லி மரம், கீழே மெத்தை மாதிரி உதிர்ந்த ஊசியிலை. காலை வேளையில் காற்று கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும், பத்து மணிக்கு மேல் நின்றுவிடும், உச்சிக்குப் பிறகு கடலிலிருந்து திரும்பி வரும். ஒரே நாளில் இரண்டு மைதானம் ஆடியதுபோல. ஐந்தாவது இலக்கில் பையனின் கால் கோட்டைத் தாண்டியிருந்தது. நாங்கள் பார்க்கவில்லை. அவனே கையைத் தூக்கினான்.

கோவளம்

சாப்பிட்டது சங்கரா வறுவல். மிளகாய்ப்பொடி அதிகம், எலுமிச்சை கொஞ்சம். அலைச்சறுக்குப் பலகைகளோடு ஊர்ப் பிள்ளைகள் தண்ணீரில் இருந்தார்கள். வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்தோம். பையன் நேற்றைய ஒளியைப் பற்றி ஒன்றுவிடாமல் சொன்னான், மணலை விட்டுப் பார்த்தது உட்பட. அவர் ஊசியை நிறுத்தாமல் கேட்டார்.

"கீழ ஒரு காத்து, மேல ஒரு காத்து" என்றார்.

"மேக்காத்துங்களா? மேற்கே இருந்தா?"

"மேற்க இல்லடா தம்பி, மேல! ஒசரத்துல." பிறகு அவரே யோசித்து, "மேற்கதான்" என்றார். "அந்தப் படகுல கொடி கட்டியிருக்குது பாரு, எந்தப் பக்கம் ஆடுது?"

கொடி கரையைப் பார்த்துப் படபடத்தது.

"இப்ப மேகத்தைப் பாரு. படகைப் பாக்காத. படகுக் கொம்பு நுனியில ஒரு மேகத்தை நிறுத்தி வச்சுப் பாரு."

கொம்பு நுனியில் ஒரு துண்டு மேகத்தை நிறுத்தி மூன்று பேரும் கண்ணைச் சுருக்கினோம். அரை நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு மேகம் மெல்ல நுனியை விட்டு விலகியது, கடலை நோக்கி. கீழே கொடி கரைக்கு ஆடுகிறது, மேலே மேகம் கடலுக்குப் போகிறது. வெயிலில் கரை சூடாகிக் காற்று மேலே எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடல்காற்று உள்ளே வருகிறது. எழும்பிய காற்று உயரத்தில் திரும்பிக் கடலுக்கே போகிறது. பாடப்புத்தகத்தில் வட்டமாக அம்புக்குறி போட்டுப் படித்ததுதான். அந்த அம்புக்குறியின் மேல்பாதியை நான் அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

"ஒசரம் போனா அது மேல் காத்துல மாட்டிக்கும். எங்க பசங்க காத்தாடி விட்டாலே தெரியும், நூலு பாதியில வளையும்" என்றார் பெரியவர். வாடை, கச்சான், கரைக்காத்து என்று ஒவ்வொன்றும் தொடங்கும் மாதத்தையும், அது எந்த மீனைக் கொண்டுவரும் என்பதையும் அடுக்கிக்கொண்டே போனார். பையன் இரண்டு பக்கம் எழுதினான். திருவிடந்தையில் பட்டத் திருவிழா நடத்துகிறவர்கள் இவரைக் கேட்டிருக்க வேண்டும்.

முட்டுக்காடு

காயலில் படகுகள் கரையேறியிருந்தன. கழிமுகத்து மணலில், மாலை ஐந்தரைக்கு, ஒரு சோதனை செய்தோம். நண்பர் தட்டை வீச, பையன் மொபைலில் விடாமல் சுட்டான். எண்பத்திரண்டு படம். இருபது தப்படியில் அது நம் தட்டு, விளிம்புக் கோடுகூடத் தெரிகிறது. அறுபது தப்படியில் அது வானத்தில் ஒரு கறுப்பு வில்லை. தூரம் தெரியாவிட்டால் அளவும் தெரியாது. கையளவா, வீட்டளவா, படம் சொல்லாது. மூன்று படங்களில் நாங்கள் வீசாத உருவங்கள் இருந்தன. இரண்டு, முன்னும் பின்னும் உள்ள படங்களைச் சேர்த்துப் பார்த்ததில் ஆலாப் பறவை. சிறகு மங்கி, உடம்பு மட்டும் நின்று, தட்டாகவே மாறியிருந்தது. மூன்றாவது லென்ஸுக்குப் பக்கத்தில் போன தும்பி.

"அப்போ அந்த டி.ஜி.பி. ஐயா பாத்ததும் தும்பிதானுங்களா?"

அதை நம் படத்தை வைத்துச் சொல்ல முடியாது என்றார் நண்பர். எனக்கும் அப்படித்தான். பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று ஒளிக்காமல், பார்த்ததைப் படத்தோடு பொதுவில் வைத்தது நல்ல காரியம். வானத்தில் பார்த்த அடையாளம் தெரியாத பொருள்கள் பற்றி அமெரிக்க உளவுத்துறை 2021-இல் வெளியிட்ட அறிக்கையில் 144 நிகழ்வுகள். உறுதியாக விடை சொல்ல முடிந்தது ஒன்றே ஒன்றுக்கு, அது காற்றிறங்கிய பெரிய பலூன். மீதிக்குத் 'தெரியவில்லை' என்று எழுதினார்கள். அந்தச் சொல்லை அவ்வளவு பெரிய அலுவலகம் எழுத முடிந்தால் நாமும் எழுதலாம்.

இருட்டிய பிறகு நிலா எழுந்தது. மகத்துக்கு மறுநாள் நிலா. கடல்மேல் புழுதி மூட்டத்தில், செம்பு நிறத்தில், மேலும் கீழும் நசுங்கி, அகலமாக. கரையோரம் நின்றிருந்த யாரோ ஒரு குழந்தை "தட்டு! தட்டு!" என்று கத்தியது. பையன் மொபைலை எடுக்கவில்லை. முழுதாக வெளியே வந்து வட்டமாகும்வரை பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பாலத்து விளக்கடியில் உட்கார்ந்து நோட்டின் கடைசி வரியை முடித்தான்: 'ஆரஞ்சு ஒளி. மேலே காற்று கிழக்கே போகிறது. காகித விளக்காக இருக்கலாம். ஏற்றியவரைப் பார்க்கவில்லை.'

உடுமலைப்பேட்டை

மறுநாள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது இரவு பதினொரு மணி. அக்கா பச்சைப்புளி ரசம் வைத்திருந்தாள். கைகழுவிக்கொண்டே கேட்டான்:

"மாமா, நம்மூர் மேக்காத்து அடிக்கிறப்போ, அதுக்கு மேல எந்தக் காத்துங்க?"

ஐம்பது வருடமாக அந்தக் காற்றில் இருக்கிறேன், ஒருநாளும் அதற்கு மேலே பார்த்ததில்லை. இருவரும் மொட்டைமாடிக்கு ஏறினோம். கொடிக்கம்பியில் அக்காவின் சேலை அசையாமல் தொங்கியது. வானத்தில் ஒரு துண்டு மேகமும் இல்லை. "ஆடி மாசம் பாக்கலாமுங்க" என்று சொல்லி, நோட்டில் புதுப் பக்கம் திருப்பித் தேதி மட்டும் போட்டு வைத்தான்.